கப்பலில் போன் பில் எகிறினால், எகிறாமல் இருக்க: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சிங்கப்பூர் மரினா பேயில் கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நாலைந்து நாள் சொகுசுக் கப்பல் பயணத்தை வைத்து இதை எழுதியிருக்கிறோம். மத்தியதரைக் கடலுக்குப் போனாலும் கரீபியனுக்குப் போனாலும் கோளாறுகள் இவைதான். நாட்டின் பெயரும் சிம் கம்பெனியின் பெயரும் மட்டும் மாறும்.

ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கப்பலுக்குள்ளேயே ஒரு செல்போன் டவர் இருக்கிறது. தாழ்வாரங்களிலும் உணவுக்கூடங்களிலும் சின்னச் சின்ன ஆன்டெனாக்களை வைத்து, அவற்றைச் செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு இணைத்திருப்பார்கள். உங்கள் போனைப் பொறுத்தவரை அது தனி நாடு. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு அடையாள எண் உண்டு, அதன் தொடக்கம் நாட்டைச் சொல்லும். இந்திய நெட்வொர்க்குகளின் எண் 404 அல்லது 405 என்று தொடங்கும். சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502, தாய்லாந்துக்கு 520. கப்பல் டவருக்கு எந்த நாட்டின் எண்ணும் கிடையாது, அது 901. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் ரோமிங் பேக் போட்டிருந்தாலும் அந்த நாட்டுப் பட்டியலில் 901 இருக்காது. அங்கே ஓடும் டேட்டாவும் பேச்சும் பேக்குக்கு வெளியே, முழு விலையில் கணக்காகும்.

நடுக்கடலில் சிக்னல் முழுசாகத் தெரிகிறது

கரை கண்ணுக்கே தெரியவில்லை, ஆனால் நாலு கோடும் நிறைந்திருக்கிறது என்றால் அது கப்பலின் டவர். திரையின் மேலே நெட்வொர்க் பெயரைப் பாருங்கள். 'செல்லுலார் அட் சீ' என்றோ 'டெலினார் மாரிடைம்' என்றோ ஆங்கிலத்தில் வரலாம். சில போன்களில் பெயருக்குப் பதிலாக 901-18, 901-12 என்று வெறும் எண் வரும். 901 என்று தொடங்கினாலே உடனே ஃப்ளைட் மோட் போடுங்கள். பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். ஃப்ளைட் மோடில் இருந்தபடியே வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ் மூன்றும் வேலை செய்யும். முன்கூட்டியே ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்திருந்தால் திறந்த தளத்தில் நின்று கப்பல் எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கலாம்.

கப்பல் டவர் எப்போதும் ஓடாது. துறைமுகத்தில் நிற்கும்போது அதை அணைத்துவிடுவார்கள். கரையிலிருந்து சுமார் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தாண்டியபின் உயிர் பெறுவதுதான் பொது வழக்கம். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல் இந்தத் தூரத்தை ஏறக்குறைய 40 நிமிடத்தில் கடந்துவிடும். கிளம்பும் நேரத்தில் எல்லாரும் மேல்தளத்தில் நின்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கரையின் சிக்னல் மங்கி, போன் சத்தமில்லாமல் 901-க்குத் தாவுவது அந்த நேரத்தில்தான். பில் எகிறிய கதைகளில் பெரும்பாலானவை தொடங்கும் இடமும் இதுதான்.

அதனால் ஃப்ளைட் மோடை கப்பல் கிளம்பும் நேரத்தோடு இணைத்து நினைவு வைக்காதீர்கள், மறந்துபோகும். துறைமுகத்திலிருந்து திரும்பி ஏறும்போது வாசலில் கப்பலில் தந்த உங்கள் அட்டையைத் தட்டுவார்களே, அந்தச் சத்தம் கேட்டதும் ஃப்ளைட் மோட். உடன் வரும் குழந்தைகள், பெரியவர்களின் போன்களையும் அங்கேயே வாங்கிப் பாருங்கள்.

டேட்டாவை யாரும் தொடவில்லை, ஆனாலும் டேட்டாவுக்குக் காசு போயிருக்கிறது

பினாங்கில் பேக் வேலை செய்ய வேண்டும் என்று டேட்டா ரோமிங்கை ஆன் செய்திருப்பீர்கள். அது ஆனிலேயே இருக்கும். மாலையில் கப்பல் கடலுக்குள் போனதும் அதே அனுமதியை வைத்து போன் கப்பல் டவரில் டேட்டா எடுக்கத் தொடங்கும். நீங்கள் தொடவில்லை என்றாலும் பகல் முழுக்க எடுத்த படங்களைக் கிளவுடுக்கு ஏற்றுவது, ஆப் அப்டேட், மெயில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் வீடியோக்கள் தானாக இறங்குவது என்று எல்லாம் பின்னால் ஓடும். 'டேட்டா ரோமிங்' என்ற ஒரே பொத்தானுக்கு மலேசியாவும் கடலும் ஒன்றுதான். நாட்டுக்கு நாடு பிரித்து அனுமதி தரும் வசதி அதில் இல்லை.

இதற்கு எங்கள் பரிந்துரை ஒன்றே. ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கைப் பயணம் முழுக்க ஆஃபிலேயே வையுங்கள். கரையில் டேட்டா வேண்டுமென்றால் ப்ரீபெய்டு டிராவல் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஒன்று வாங்கி, அதற்கு மட்டும் டேட்டா ரோமிங் ஆன் செய்யுங்கள். ப்ரீபெய்டு இ-சிம்மில் வாங்கிய ஜிபி தீர்ந்தால் இணைப்பு நிற்கும். கடன் ஏறாது. போஸ்ட்பெய்டில் இருக்கும் அபாயம் இதில் கிடையாது.

இ-சிம் விஷயத்தில் மூன்று இடங்களில் சிக்குவார்கள். முதலாவது, இ-சிம்மை போனில் பதிய இன்டர்நெட் வேண்டும். வீட்டு வைஃபையிலேயே பதிந்துவிடுங்கள். இரண்டாவது, சில திட்டங்களில் பதிந்த நிமிடத்திலிருந்தே நாள் கணக்கு ஓடும், சிலவற்றில் முதல் நெட்வொர்க்கைப் பிடித்த பிறகுதான் ஓடும். வாங்கும் பக்கத்திலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். மூன்றாவது, 'ஆசியா' என்று பெயர் இருந்தாலும் நாட்டுப் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் இரண்டுமே இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு சிம் போடும் சாம்சங் போன்களில் ஒரு சிம்மில் டேட்டா கிடைக்காவிட்டால் மற்றதற்குத் தானாக மாறும் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்' என்ற வசதி சிம் மேனேஜருக்குள் இருக்கும். அதை ஆஃப் செய்யாவிட்டால் இ-சிம் வாங்கியும் பயனில்லை.

டேட்டா ரோமிங் ஆஃப்தான். ஆனாலும் பில் வந்திருக்கிறது

அந்தப் பொத்தான் டேட்டாவை மட்டுமே தடுக்கும். பேச்சையும் எஸ்எம்எஸ்ஸையும் தடுக்காது. ஃப்ளைட் மோட் இல்லாமல் போன் கப்பல் டவரில் நின்றுகொண்டிருந்தால், வரும் அழைப்பை எடுத்தாலே நிமிடக் கணக்கு தொடங்கிவிடும். பில்லில் எந்த வரியில் (லைனில்) காசு ஏறியிருக்கிறது என்று பார்த்து இப்படிப் பிரித்தறியலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு வரி, ஒன்று 'வந்த அழைப்பு', இன்னொன்று 'வெளிநாட்டு அழைப்பு' என்று இருந்தால், அது கால் ஃபார்வர்டிங். நீங்கள் எடுக்காத அழைப்பு முதலில் கப்பல் வரை வந்து, அங்கிருந்து வாய்ஸ்மெயிலுக்காக மறுபடி ஊருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. போகும்போதும் வரும்போதும் உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். நீங்கள் 'எடுக்கவே இல்லை' என்று சொல்வது உண்மைதான், வாய்ஸ்மெயில் எடுத்துவிட்டது. ஊரில் இருக்கும்போதே போன் டயலரில் ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் நீங்கும். நீங்கியதா என்று பார்க்க *#61# (எடுக்காதபோது), *#62# (தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போது), *#67# (பிஸியாக இருக்கும்போது) மூன்றையும் தனித்தனியாக அடியுங்கள். இதைக் கடலில் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். செய்ய வேண்டுமென்றால் அந்த டவரிலேயே ஏற வேண்டியிருக்கும்.

நீங்கள் அனுப்பாத ஒரு எஸ்எம்எஸ், +44 என்று தொடங்கும் எண்ணுக்குப் போயிருந்தால், அது ஐபோனின் வேலை. ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் உங்கள் எண்ணைப் பதிந்துகொள்ள ஓசையில்லாமல் ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். சிம்மை ஆஃப் செய்து ஆன் செய்தால், அல்லது மாற்றினால், மறுபடி அனுப்பலாம். நடுக்கடலில் சிம்மை மாற்றி மாற்றிப் பரிசோதிக்க வேண்டாம்.

போனில் எதுவுமே இல்லை, ஆனால் அதே கணக்கில் டேட்டா வரி இருக்கிறது என்றால் கையைப் பாருங்கள். தனி இ-சிம் உள்ள ஸ்மார்ட் வாட்ச், சிம் போட்ட டேப்லெட், குழந்தையின் கையில் கட்டிய வாட்ச். போனில் ஃப்ளைட் மோட் போட்டால் வாட்சும் மாறும் என்று நம்பிவிடாதீர்கள். ஆப்பிள் வாட்சில் 'மிரர் ஐபோன்' ஆன் ஆகியிருந்தால்தான் மாறும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மரினா பேயில் நிற்கும்போதே இந்தோனேசிய நெட்வொர்க் வருகிறது

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு கூப்பிடு தூரம்தான். சிங்கப்பூர் நீரிணையிலும் மலாக்கா நீரிணையிலும் மூன்று நாட்டு டவர்களின் சிக்னலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பழைய ஜிஎஸ்எம் டவர்கூட 35 கிலோமீட்டர் வரை எட்டும் என்பதால், கப்பல் ஒரு கரையை ஒட்டிப் போகும்போது போன் எதிர்க்கரையைப் பிடிக்கும். சிங்கப்பூர் சிம் வைத்திருப்பவருக்கு இதுவும் ரோமிங் கணக்கில் சேரும்.

நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைக்கு மாற்றுங்கள். சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் ஆபரேட்டர்ஸ். அங்கே தானாகத் தேர்ந்தெடுப்பதை ஆஃப் செய்து உங்கள் கம்பெனியைத் தொடுங்கள். ஐபோனில் மொபைல் செட்டிங்ஸுக்குள் 'நெட்வொர்க் செலக்‌ஷன்'. இதைத் துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும் நம்புங்கள். கிளம்பியபின் ஃப்ளைட் மோட்தான் பாதுகாப்பு.

கப்பல் வைஃபை இணைகிறது, ஆனால் லாகின் பக்கம் வரவில்லை

நிறையப் பேர் விருந்தினர் சேவை மேசையில் வரிசையில் நிற்பது இதற்காகத்தான். அறையில் இருந்தபடியே சரி செய்யலாம். காரணம் பெரும்பாலும் போனில் இருக்கும், கப்பலில் அல்ல. லாகின் பக்கத்தைக் காட்ட வைஃபை உங்கள் போனின் முதல் கோரிக்கையை இடைமறிக்க வேண்டும். இடைமறிப்பைத் தடுக்கும் எதுவும் லாகின் பக்கத்தையும் தடுக்கும்.

முதலில் விபிஎன்னை (உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) அணையுங்கள். விளம்பரத் தடுப்பு ஆப்களில் பல விபிஎன் போலத்தான் இயங்கும், அவற்றையும் அணையுங்கள். அடுத்து ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்', அதாவது இணையதளப் பெயர்களைத் தேடித் தரும் சர்வரை நீங்களே குறிப்பிடும் இடம். யாரோ சொல்லி விளம்பரம் வராமல் இருக்க ஒரு முகவரியை அதில் போட்டிருப்பீர்கள், போட்டதையே மறந்திருப்பீர்கள். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸுக்குள் 'மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' போய் அதை 'ஆஃப்' ஆக்குங்கள். ஐபோனில் ஐகிளவுட் பிரைவேட் ரிலேயை (ஆப்பிளின் முகவரி மறைப்பு வசதி) அந்த வைஃபைக்கு மட்டும் நிறுத்துங்கள். பிறகு வைஃபையை ஒருமுறை துண்டித்து இணைத்து, பிரவுசரில் கேப்டிவ்.ஆப்பிள்.காம் (captive.apple.com) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆண்ட்ராய்டிலும் இது வேலை செய்யும். அல்லது அறையில் வைத்திருக்கும் தாளில் உள்ள கப்பலின் லாகின் முகவரியை அப்படியே தட்டுங்கள். லாகின் முடிந்தபின் அணைத்தவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

காசு கட்டி லாகின் செய்த போனையே மறுநாள் 'புதிய கருவி' என்று சொல்லித் தள்ளினால், வைஃபை முகவரி மாறியிருக்கும். போன்கள் தனியுரிமைக்காகப் பொய் முகவரி காட்டும். ஐபோனில் அந்த வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் தொட்டு, 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதைப் 'ஃபிக்ஸட்' ஆக வையுங்கள். நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்து செய்து இணைக்காதீர்கள்.

இரண்டு பேருக்கு ஒரே பேக் வாங்கியிருந்தால், சில கப்பல்களில் ஒருவர் முறையாக 'லாக் அவுட்' செய்த பிறகே மற்றவர் நுழைய முடியும். வைஃபையை அணைப்பது லாக் அவுட் ஆகாது. நிமிடக் கணக்கில் விற்கும் பேக்கில் இந்த மறதிக்கு முழுப் பேக்கும் போய்விடும்.

மெசேஜ் போகிறது, பேச்சு போகவில்லை

முதலில் உங்கள் பேக் என்ன என்று பாருங்கள். மலிவான பேக்குகளில் மெசேஜ், சமூக வலைத்தளம் மட்டும் திறந்துவிட்டு, பேச்சையும் வீடியோவையும் மூடியிருப்பார்கள். அது கோளாறு இல்லை. மேல் பேக் வாங்கினால்தான் திறக்கும்.

பேக் சரி, ஆனால் பேசும்போது ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொள்கிறீர்கள் என்றால், கப்பல் பழைய வகைச் செயற்கைக்கோளில் இருக்கிறது. அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. 'சொல்லுங்க' என்பது போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகும். ஒரு வாக்கியம் முடித்து, ஒரு மூச்சு விட்டு, காத்திருங்கள். வீடியோவை அணைத்துக் குரல் மட்டும் வைத்தால் தாங்கும். 2022 முதல் ராயல் கரீபியன் உள்ளிட்ட கம்பெனிகள் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட்டைப் போட்டுவருகின்றன. அதன் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் இந்தத் தாமதம் பெரும்பாலும் இருக்காது.

வைஃபை காலிங் வேறு விஷயம். அது போன் கம்பெனியின் சொந்த அழைப்பையே வைஃபை வழியாக அனுப்புவது. கப்பல் வைஃபையில் யுடிபி 500, 4500 என்ற இரண்டு இணைப்பு வழிகளை (போர்ட்) மூடியிருந்தால் அது இணையவே இணையாது, நீங்கள் செய்ய எதுவும் இல்லை. இணைந்தாலும் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். சில கம்பெனிகள் அதை ஊர் அழைப்பாகக் கருதும், சில ரோமிங் அழைப்பாகக் கணக்கிடும். கிளம்பும் முன் 'வெளிநாட்டில் வைஃபை காலிங்கில் பேசினால் என்ன கட்டணம்' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வங்கி ஓடிபி வரவில்லை

ஃப்ளைட் மோடில் எஸ்எம்எஸ் வராது. வைஃபை காலிங் இணைந்திருந்தால் சில கம்பெனிகளில் வரும். அவசரம் இல்லையென்றால் அடுத்த துறைமுகம் வரை பொறுங்கள். பினாங்கின் துறைமுகமான ஸ்வெட்டன்ஹாம் பியரில் கப்பல் கட்டியதும் ஃப்ளைட் மோடை எடுத்தால், டேட்டா ரோமிங் ஆஃபில் இருந்தாலும் எஸ்எம்எஸ் வந்துசேரும். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் காசு வாங்குவதில்லை.

கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் அனுமதி தரும் முறைக்கோ மெயிலில் ஓடிபி வரும் முறைக்கோ மாறிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. புக்கெட்டிலும் பினாங்கிலும் டாக்ஸி பிடிக்க கிராப் ஆப் வேண்டுமென்றால், எண் சரிபார்ப்பையும் கார்டு பதிவையும் வீட்டிலேயே முடியுங்கள். கடலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி போடவே போடாதீர்கள். அது திரும்பவும் எஸ்எம்எஸ் கேட்கும், கரை வரும் வரை வாட்ஸ்அப் இருக்காது.

துறைமுகம் வந்தும் நெட்வொர்க் வரவில்லை

அறைக்குள் நின்று பார்க்காதீர்கள், சுற்றிலும் இரும்பு. மேல்தளத்துக்குப் போங்கள். ஃப்ளைட் மோடை எடுத்து மூன்று நிமிடம் பொறுங்கள். வரவில்லையென்றால் முன்பு கையால் தேர்ந்தெடுத்த நெட்வொர்க் இன்னும் அப்படியே இருக்கும். அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். அதற்கும் வராவிட்டால் போனை அணைத்து ஆன் செய்யுங்கள். நெட்வொர்க் இருந்தும் டேட்டா இல்லையென்றால், இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன் ஆகியிருக்கிறதா, வாங்கும்போது தந்த ஏபிஎன் (டேட்டா இணைப்புக்கு செட்டிங்ஸில் போட வேண்டிய பெயர்) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

போனில் நேரம் ஒரு மணி பின்னால் ஓடுகிறது

இதனால் பில் ஏறாது, ஆனால் கப்பலைத் தவறவிடுவீர்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி பின்னால். சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும் கப்பல் '4:00 மணிக்குள் ஏற வேண்டும்' என்று சொன்னால், புக்கெட்டில் தாய் நெட்வொர்க்கைப் பிடித்த உங்கள் போனில் அப்போது 3:00 தான் காட்டும். கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோகும் கடைசிப் படகு போயிருக்கும். கப்பல் நேரத்தை மாற்றும் வழக்கம் உள்ள பயணங்களும் உண்டு. தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் எழுதியிருக்கும் கப்பல் நேரம்தான் கணக்கு.

தானியங்கி நேர மண்டலத்தை ஆஃப் செய்து, ஊரின் பெயரைச் 'சிங்கப்பூர்' என்று தேர்ந்தெடுங்கள். கடிகார முள்ளைக் கையால் ஒரு மணி தள்ளி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஆதென்டிகேட்டர் ஆப்களில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்கள் பொருந்தாமல் போகும். சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் பயணத்தில் இந்தத் தலைவலி கிடையாது, இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றே.

ஊர் திரும்பியபின் பில்லில் புரியாத வரி

ரோமிங் கணக்குகள் தாமதமாக வந்து சேரும். பயண மாதப் பில் சுத்தமாக இருந்தாலும் அடுத்த மாதப் பில்லையும் பாருங்கள். வரி வரியான விவரப் பில்லைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியிலும் நெட்வொர்க் பெயர், தேதி, மணி மூன்றையும் கப்பலின் பயண அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். கப்பல் துறைமுகத்தில் கட்டியிருந்த நேரத்தில் கடல் நெட்வொர்க்கின் வரி வந்திருந்தால் அதைத் தனியாகக் குறித்துக் கேளுங்கள். கேள்வி கேட்க அதுதான் வலுவான இடம். இந்தியாவில் முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள், தீரவில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அந்த எண்ணோடு போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்து சிம் வைத்திருக்கும் உறவினர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: 'ஊர்க் கட்டணத்திலேயே ரோமிங்' என்ற சலுகை தரை நெட்வொர்க்குக்கு மட்டும்தான், கப்பல் டவருக்குக் கிடையாது. வாட் நீங்கலாக 50 யூரோவில் டேட்டாவை நிறுத்தும் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு. அந்த வரம்பை நீக்கச் சொல்லி வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அனுப்பாமல் இருந்தால் போதும்.